கடிதமா, பவரா, செல்போன் ஒப்புதலா? உங்கள் விவரத்தை இன்னொருவர் வாங்க எந்த வழி சரி

பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், அப்பா நங்கநல்லூரில். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகல் வாங்க வேண்டும். அவருடைய வங்கிக் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மென்ட் வேண்டும். பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்ட்டை (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் அதிகாரபூர்வப் பட்டியலை) பல்கலைக்கழகத்தில் வாங்கி அனுப்ப வேண்டும். இப்படி மூன்று வேலை ஒன்றாக வந்து நிற்கும்போது, "பேசாமல் ஒரு பவர் எழுதிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பவர் என்றால், நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி). சென்னையில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் முதல் யோசனை. ஆனால் இந்த மூன்றில் இரண்டு இடங்களுக்குப் பவர் தேவையே இல்லை. மீதமுள்ள இடமான வங்கியில், பவரை நீட்டினாலும் அன்றைக்கே வேலை முடியாது.

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் ஒன்றைப் பாருங்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "இது அவர் கொடுத்த சம்மதம்தான்" என்று எதை வைத்துச் சரிபார்க்கப் போகிறார்? வங்கியிடம் உங்கள் மாதிரிக் கையெழுத்து இருக்கிறது, அதோடு ஒப்பிடும். ஆஸ்பத்திரியிடம் பெரும்பாலும் அட்மிஷன் படிவக் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும்தான் இருக்கும். பல்கலைக்கழகம் பதிவெண்ணையும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையும் பார்க்கும். டிஜிட்டல் வழிகள் எல்லாவற்றுக்கும் ஓடிபி வரும் செல்போன் எண்தான் கையெழுத்து. அந்தந்த இடம் எதைச் சரிபார்க்குமோ அதற்குப் பொருந்துகிற வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரே நடையில் முடியும்.

கடிதமோ பவரோ எழுதாமலே முடிகிற வேலைகளை முதலில் கழித்துவிடலாம். ஸ்டேட்மென்ட்டை நெட்பேங்கிங்கில் இறக்கி நீங்களே அனுப்பலாம். டிஜிலாக்கரில் ஏறியிருக்கும் மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் போன்றவை சட்டப்படி அசலுக்குச் சமம். வருமான வரிக்காக ஆடிட்டரிடம் பாஸ்வேர்டைக் கொடுப்பது இங்கே ரொம்பச் சாதாரணம். அது வேண்டாம். வரித்துறைத் தளத்திலேயே சிஏ ஒருவரைச் சேர்க்கவும், உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவரை அனுமதிக்கவும், பிறகு நீக்கவும் வழி இருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், உள்ளே போய் என்ன செய்தாலும் அது நீங்கள் செய்ததாகவே பதிவாகும்.

அதிகாரக் கடிதம்

செலவில்லாத வழி இது. ஒரு வெள்ளைத்தாளும் பத்து நிமிடமும் போதும். ஆஸ்பத்திரி ஆவணம், டிரான்ஸ்கிரிப்ட், லேப் ரிப்போர்ட், பழைய அலுவலகத்தின் அனுபவச் சான்று எல்லாவற்றுக்கும் இதுதான் பொருத்தம். ஆனால் பாதிக் கடிதங்கள், "இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம் என் ஆவணங்களைக் கொடுக்கவும்" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. யார், எந்த ஆவணம், எதற்கு, எதுவரை என்ற எதுவும் அதில் இல்லை. பொறுப்பான பதிவேட்டுப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பும். பொறுப்பில்லாத இடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"நான் உங்கள் மருத்துவமனையில் (உள்நோயாளி எண்) ______ தேதி முதல் ______ தேதி வரை இதய சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்டிருந்தேன். அந்தச் சிகிச்சைக்கு உரிய டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், ஆஞ்சியோகிராம் சிடி, இறுதி பில் ஆகியவற்றின் நகல்களை மட்டும், என் மருமகள் (பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண்கள்) அவர்களிடம், இன்சூரன்ஸ் கோரிக்கைக்காக ஒப்படைக்க அனுமதிக்கிறேன். இந்த அனுமதி ______ தேதி வரை மட்டுமே செல்லும். வேறு சிகிச்சைகளின் பதிவுகளுக்கு இது பொருந்தாது."

"மட்டும்" என்ற அந்தச் சொல்லையும் கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்பவருக்கு, ஃபைல் எண் ஒன்றுதான். இன்சூரன்ஸ் கேட்டது ஆஞ்சியோ விவரம். ஃபைலோடு போவது மனநல ஆலோசனையோ, பழைய கர்ப்பக் கலைப்போ, எதுவாகவும் இருக்கலாம். எச்ஐவி பற்றிய விவரமாக இருந்தால், 2017-ம் ஆண்டின் சட்டப்படி, அதை வெளியிட விவரம் புரிந்து எழுத்தில் கொடுத்த சம்மதம் வேண்டும். பொதுவாக "எல்லா ரெக்கார்டும்" என்று எழுதிய கடிதத்தை அதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

கடிதத்தோடு மூன்று இணைப்பு: உங்கள் அடையாள அட்டை நகலில் உங்கள் கையெழுத்து, வருபவரின் அடையாள அட்டை நகலில் அவருடைய கையெழுத்து, கடிதத்திலேயே அவருடைய மாதிரிக் கையெழுத்தும் அதன் கீழே "மேற்கண்ட கையொப்பத்தை உறுதி செய்கிறேன்" என்று உங்கள் கையெழுத்தும். போகும்போது அவர் தன் அசல் அட்டையை எடுத்துப் போக வேண்டும். இரண்டு பிரதி போட்டு, ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்கி வந்தால், பிறகு கணக்குப் பேச ஆதாரம் இருக்கும். மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், மருத்துவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் குறித்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அந்த 72 மணி எப்போது தொடங்கியது என்பதைக் காட்டுவது அந்த முத்திரைதான். இன்னொன்று, உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் அதே நெறிமுறை சொல்கிறது. நாலாவது வருடம் போய்க் கேட்டால் இல்லை என்று சொல்ல இடம் உண்டு.

கடிதம் எங்கே சிக்கும்? பெரும்பாலும் இனிஷியலில். வங்கியில் "எஸ். மீனாட்சி", ஆதாரில் "மீனாட்சி சுந்தரம்", டிகிரி சான்றிதழில் "மீனாட்சி எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. நமக்கு ஒரே ஆள். கவுன்டரில் இருப்பவருக்கு நான்கு பேர். கடிதத்தை ஆரம்பிக்கும்போதே, அந்த அலுவலகப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, "ஆதாரில் இன்ன பெயரில் உள்ள நான்" என்று சேர்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்களுக்கு இந்த ஒரு வரி ஒரு முழு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்தது கையெழுத்து. ஸ்ட்ரோக் வந்தவர், கை நடுங்கும் வயதானவர் போடும் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகாது. வலுக்கட்டாயமாகப் பழையபடி போட வைக்காதீர்கள். இடது பெருவிரல் ரேகை வைத்து, "எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு ரேகை வைக்கிறேன்" என்று எழுதி, குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முகவரியும் வாங்குவது நல்லது. அதில் ஒருவர் சிகிச்சை தரும் மருத்துவராக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் கடிதத்தின் பிரின்ட் அவுட்டைச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் மையில் போட்ட கையெழுத்தைக் கேட்கும். பதிவில் உள்ள இமெயிலிலிருந்து அந்த அலுவலகத்துக்கே ஸ்கேனை அனுப்பிவிட்டு, அதன் பிரதியோடு ஆளை அனுப்பினால் வேலை நடக்கும் வாய்ப்பு அதிகம்.

விபத்து வழக்குகளில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஐகோர்ட் வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவுக்காக வக்கீலிடம் வக்காலத்து கொடுத்திருப்பார்கள். அதையே வைத்து அவர் ஆஸ்பத்திரியில் ஃபைல் வாங்கிவிடுவார் என்று நினைப்பார்கள். வக்காலத்து கோர்ட்டில் ஆஜராவதற்கு. ஆஸ்பத்திரிக்குத் தனிக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

இன்சூரன்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே நீங்கள் கடிதம் எழுதவே வேண்டாம், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கேஷ்லெஸ் அட்மிஷனுக்கு நிரப்பும் முன் அனுமதிப் படிவத்தின் உறுதிமொழியில், ஆவணங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், அதன் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏ நிறுவனத்துக்கும் அனுப்ப ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் கொடுக்கும் வரிகள் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு போடும் கையெழுத்து அது. அந்த நேரத்தில் மறுக்கவும் முடியாது. படிவத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன சம்மதம் கொடுத்தோம் என்பது அப்புறம் நிதானமாகப் படிக்கக் கையில் இருக்க வேண்டும்.

பவர்

கடிதத்தோடு ஒப்பிட்டால் பவருக்குப் பலம் அதிகம், செலவும் அலைச்சலும் அதிகம், தவறாகப் போனால் சேதமும் அதிகம். விவரம் வாங்குவதற்கு என்று மட்டும் பொதுப் பவர் எழுதிக் கொடுப்பதை நாம் பரிந்துரைக்கவே மாட்டோம். "பாரிமுனையில் டைப் அடிக்கும் கடையில் ரெடியாக இருக்கிறது" என்று எடுத்துத் தரும் மாதிரிப் பத்திரங்களில், வீட்டை விற்பது, அடமானம் வைப்பது, கணக்கை இயக்குவது எல்லாம் வரிசையாக இருக்கும். அப்பாவின் ஸ்டேட்மென்ட் வாங்கப் போனவருக்கு அப்பாவின் ஃபிளாட்டை விற்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விடும். தேவைப்பட்டால் சிறப்புப் பவர் எழுதுங்கள். இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன கணக்கு, இருப்பு விவரமும் ஸ்டேட்மென்ட்டும் வட்டிச் சான்றும் கேட்டுப் பெற மட்டும், பணம் எடுக்க அதிகாரம் இல்லை என்று தெளிவாக.

வங்கியில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பவரின் அசலைக் காட்டி நகலைக் கொடுத்தால், கிளை அதைத் தன் சட்டப் பிரிவுக்கோ வக்கீலுக்கோ அனுப்பிப் பார்த்த பிறகுதான் கணக்கில் பதியும். சில நாள் ஆகும். "விவரங்களைப் பெற" என்ற சொல் பத்திரத்தில் வெளிப்படையாக இல்லையென்றால், வீடு விற்கக் கொடுத்த பவரைக் காட்டி ஸ்டேட்மென்ட் வாங்க முடியாது. கணக்கு வைத்திருப்பவர் கிளைக்கு வர முடிந்தால், பவரை விட வங்கியின் சொந்த மேன்டேட் படிவம் (இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் வங்கிப் படிவம்) சுலபம். கையெழுத்து அங்கேயே சரிபார்க்கப்படும்.

வெளிநாட்டில் இருப்பவர் எழுதும் பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றோ, அந்நாட்டு நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல அந்நாட்டு அரசு தரும் சான்று) வழியாகவோ வரும். இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்வார்கள். கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவர் வந்து பீரோவில் நாலு மாதம் கிடந்து, அவசரத்துக்கு எடுக்கும்போது கெடு தாண்டியிருப்பது சென்னைக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ரத்து செய்வதும் லேசில்லை. ரத்துப் பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, மூன்றாம் தரப்புக்கு அது தெரியவந்த நேரத்திலிருந்துதான் அவர்களைப் பொறுத்தவரை ரத்து. அதுவரை பழைய பவரை நம்பி வங்கி கொடுத்த விவரத்துக்கு வங்கியைக் குறை சொல்ல முடியாது. எங்கெங்கே பவரைக் காட்டினார்களோ அங்கெல்லாம் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும்.

செல்போன் ஒப்புதல்

கடன் வாங்கும்போது வங்கி விவரம் கொடுப்பதற்கு, கடிதத்தையும் பவரையும் விட அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழி மேல். ரிசர்வ் வங்கி 2016-ல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வங்கியிலிருந்து கடன் கொடுப்பவருக்குத் தகவலை எடுத்துச் செல்லும் இடைத்தரகர் இது. தகவல் பூட்டப்பட்டே போகும், இடையில் இருப்பவரால் படிக்க முடியாது. நெட்பேங்கிங் பாஸ்வேர்டைக் கேட்கும் செயலிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அக்ரிகேட்டர் பாஸ்வேர்டே கேட்காது.

ஒப்புதல் திரையை அவசரமில்லாமல் ஒரு முறை பாருங்கள். எதற்காக, எந்த வகைக் கணக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையான பரிவர்த்தனை, எத்தனை முறை எடுப்பார்கள், எடுத்ததை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், ஒப்புதல் எப்போது காலாவதியாகும் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். நாம் எழுதும் கடிதத்தில் என்னென்ன வேண்டும் என்று மேலே சொன்னோமோ, அதே விஷயங்கள்தான். நின்று பார்க்க வேண்டியது "எத்தனை முறை" என்ற இடம். கடன் தகுதி பார்க்க ஒரே ஒரு முறை போதும். "மாதம் ஒரு முறை, கடன் முடியும் வரை" என்று இருந்தால், ஐந்து வருடம் உங்கள் சம்பளம், மருந்துக்கடை பில், கோயில் நன்கொடை எல்லாம் அவர்கள் பார்வையில் இருக்கும். திரையில் உள்ள நிபந்தனையை நீங்கள் திருத்த முடியாது. எந்தக் கணக்கைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது மறுத்துவிட்டு பிடிஎஃப் ஸ்டேட்மென்ட் தருகிறேன் என்று கேட்கலாம். கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பின்னால் ஒப்புதலை ரத்து செய்தால் இனிமேல் எடுப்பது நிற்கும். ஏற்கெனவே எடுத்தது அவர்களிடம்தான் இருக்கும். கூட்டாக இயக்கும் கணக்குகள் பெரும்பாலும் இதில் வராது. அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போடும் கணக்கு என்றால் பழைய வழிதான்.

ஆஸ்பத்திரி விவரத்துக்கு இதே மாதிரி உள்ளது, மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு தரும் 14 இலக்க ஆபா எண். எந்த மருத்துவர், எந்த வகைப் பதிவு, எந்தக் காலத்தது, எதுவரை பார்க்கலாம் என்று நீங்கள் முடிவு செய்து, பிறகு நிறுத்தவும் செய்யலாம். அமைப்பு நன்றாகவே இருக்கிறது. குறை எங்கே என்றால், தெருமுனை நர்சிங் ஹோமும் லேபும் அதில் சேர்ந்திருக்க வேண்டும், பதிவுகளை ஏற்றியிருக்க வேண்டும். பழைய கேஸ் ஷீட் வேண்டுமென்றால் இன்றைக்கும் கடிதம்தான்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி செல்போன் எண். அம்மாவின் ஆதாரில் எட்டு வருடத்துக்கு முன் தொலைந்த எண், வங்கியில் மகனின் எண், ஆபாவில் மருமகளின் எண். இப்படி இருந்தால் அம்மாவின் ஒப்புதல் அம்மாவின் ஒப்புதலாகவே இருக்காது. மகன்தான் அவர் பெயரில் "சரி" என்று அழுத்திக்கொண்டிருப்பார். முதலில் ஆதார் மையத்துக்குப் போய், அவர் கையில் இருக்கும் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

ஆதார் ஜெராக்ஸ்

வீட்டு ஓனர், சிம் கடை, லாட்ஜ், ஜிம் எல்லோரும் கேட்பது. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கலாம். பிடிஎஃபைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். ஜெராக்ஸ்தான் வேண்டும் என்றால், "இன்ன முகவரி வாடகைக்காக மட்டும்" என்று தேதியோடு, எழுத்து புகைப்படத்தின் ஓரத்தின் மேல் ஏறும்படி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காலி இடத்தில் ஓரமாக எழுதினால் அதை மறைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். கடை மெஷினில் நின்றுபோன பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. சம்மதம் வாங்குவது பற்றிய முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். அப்போது, சம்மதக் கோரிக்கையைத் தமிழில் பார்க்கவும், கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை, நீங்கள் கொடுக்கும் காகிதத்தில் உள்ள வார்த்தைதான் உங்கள் வேலி.

மறதி தொடங்கியிருக்கும் பெற்றோர்

இந்த ஒரு நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் காலம் தாழ்த்தினால் திரும்ப முடியாது. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ அந்த நாளோடு அது செல்லாது. டிமென்ஷியா முற்றினாலும் நீடிக்கிற பவர் என்று நம் சட்டத்தில் கிடையாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதி வைத்த பத்திரம், சரியாக அது தேவைப்படும் நாளில் காலாவதியாகும். அதன் பிறகு காப்பாளர் நியமனம் கேட்டு ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதிகாரக் கடிதமும் அப்படியே. இறந்த பின் வாரிசுச் சான்றிதழோடு வாரிசாகத்தான் கேட்க முடியும்.

ஆகவே அவர் தெளிவாக இருக்கும் இப்போதே, அவரிடம் பேசி, அவர் விருப்பத்தோடு செய்ய வேண்டியவை உண்டு. ஒரு சிறிய கணக்கை மட்டும் "ஐதர் ஆர் சர்வைவர்" முறையில் (இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்தால் மற்றவரும் இயக்கும்படி) கூட்டுக் கணக்காக்கலாம். இதில் பிள்ளை தன் உரிமையிலேயே விவரம் பார்ப்பார், பவர் வேண்டாம். பணம் எடுக்கவும் முடியும் என்பதால் எல்லாக் கணக்கையும் அப்படி மாற்ற வேண்டாம். மனநலச் சிகிச்சைக்கு, 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கான பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ ரேகையோ வைத்து அவரே நியமிக்கலாம். நினைவாற்றல் பெரிதும் பாதிக்கப்படுவதும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகிறது. அந்த நோய், அதன் சிகிச்சை விவரங்களைக் கேட்டறிய அந்தப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. ஸ்டாம்ப் பேப்பரும் சார் பதிவாளர் அலுவலகமும் வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரின் ஃபைலில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி, பிரதிநிதியிடம் ஒன்று.